சிக்கிக்கொண்ட ஹோல்டர்: சுத்தியலா, ஆப்பா, ஐஸா, மரையா?

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி விசைப்படகுகள் கரையில் நின்றுவிடும். ஜூன் 14 வரையான 61 நாளுக்குள் புரொபெல்லர் ஷாஃப்டுக்குக் கீவே வெட்ட வேண்டும், கப்ளிங்கைச் சரிசெய்ய வேண்டும், வின்ச்சுக்கு உதிரி செய்ய வேண்டும். வாடைக்காலம் முழுக்கப் பட்டறை மூலையில் பெரும்பாலும் சும்மா நின்ற மில்லிங் மெஷினுக்கு அப்போதுதான் வேலை வரும். கடைசியாக மாட்டிய ஹோல்டர் (கட்டரைப் பிடிக்கும் கூம்பு) அத்தனை மாதமும் ஸ்பிண்டிலுக்குள்ளேயே, அதாவது கட்டரைச் சுழற்றும் அச்சுக்குள்ளேயே, இருந்திருக்கும். அதை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீளத் திருகான ட்ராபாரைத் தளர்த்தினாலும் அசையாது. படகுக்காரர் வாசலில் நிற்பார். கை சுத்தியலைத் தேடும்.

தட்டினால் பேரிங் போய்விடுமா, தட்டாமல் எடுக்க முடியுமா, சூடு காட்டலாமா என்று பட்டறைக்காரர்கள் கேட்கிறார்கள். வழிகள் பல உண்டு. ஒவ்வொன்றும் ஒருவகைச் சிக்கலுக்குப் பொருந்தும், வேறொன்றுக்குக் கெடுதல் செய்யும். கையால் முறுக்கும் ட்ராபார் உள்ள ஐ.எஸ்.ஓ. 40, ஆர்8 (இரண்டும் ஹோல்டர் கூம்பின் வகைகள்) மெஷின்களை மனதில் வைத்து இங்கே அவற்றை ஒப்பிட்டிருக்கிறோம். வி.எம்.சி. (கணினி இயக்கும் செங்குத்து மில்லிங் மெஷின்) வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அவர்கள் மற்ற வழிகளில் எதையும் நேராக முயல வேண்டாம்.

## முதலில், எது பிடித்திருக்கிறது?

மரை. ட்ராபார் தளர ஆரம்பித்ததிலிருந்து கடைசிவரை இறுக்கமாகவே சுற்றினால் பிடித்திருப்பது டேப்பர் (கூம்பு) இல்லை, மரை. எம்16 மரைக்கு ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகர்வு. 5/8 அங்குல மரை அங்குலத்துக்கு 11 என்பதால் சுற்றுக்கு 2.31 மி.மீ. விட்டம் 15.88. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பழைய மெஷினின் 5/8 ட்ராபார் எம்16 ஹோல்டரில் சில சுற்றுகள் ஏறிவிட்டுப் பிறகு கடிக்கும். அங்கே ஸ்பேனரில் பைப் சொருகி இறுக்கியிருந்தால் கதை முடிந்தது. இதற்குச் சுத்தியல் உதவாது. எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னும் பின்னுமாக ஆட்டிப் பாருங்கள். விடாவிட்டால் ட்ராபாரின் தலையை அறுத்துவிட்டுப் பாரோடு சேர்த்துக் கீழே இறக்குவதுதான் மலிவு. ட்ராபார் லேத்தில் ஒரே நாளில் செய்துவிடக் கூடியது, ஸ்பிண்டில் அப்படியல்ல.

சூட்டுப் பிடி. நாலு மணி நேரம் ஓடிச் சூடான ஸ்பிண்டிலில் குளிர்ந்த ஹோல்டரை ஏற்றி இறுக்கி, அத்தோடு வேலையை முடித்துவிட்டுப் போனால் இது வரும். ஸ்பிண்டில் ஆறும்போது சுருங்கி ஹோல்டரை நெரிக்கும். ஐ.எஸ்.ஓ. 40 டேப்பரின் பெரிய விட்டம் 44.45 மி.மீ. இரண்டுக்கும் 15 டிகிரி வித்தியாசம் இருந்திருந்தால் சுருக்கம் 8 மைக்ரான் அளவு வரும். பார்க்கச் சிறிய எண். பிடிக்க அது போதும்.

துரு. நம் கரையில் முதல் சந்தேகம் இதன்மேல்தான் போக வேண்டும். காற்றில் வரும் உப்பு மெல்லிய படலமாக எல்லாவற்றின் மீதும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலோர இரவுகளில் அது சாதாரணம். ஆக, துடைக்காமல் மாட்டிய டேப்பர் ராத்திரி முழுக்க உப்பு நீரில் நனைந்தபடி இருக்கிறது. கிணற்று உப்புத் தண்ணீரில் கலந்த கூலன்ட், அதே தண்ணீரில் அலசிக் காயப்போட்ட துடைதுணி, வடிக்காத கம்ப்ரஸர் தொட்டியிலிருந்து காற்றோடு வரும் நீர் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஓடும்போது டேப்பருக்குள் நுண்ணிய அதிர்வில் உரசி உண்டாகும் செம்பழுப்புத் தூளும் இந்தக் கணக்கில்தான் வரும்.

'7/24 டேப்பர் தானாக விட்டுவிடும்' என்று படித்தவர்களுக்குக் குழப்பம் வருவது இங்கேதான். 24 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 7 மி.மீ. குறைகிறது. ஒரு பக்கச் சரிவு 7/48, அதாவது 0.146. உராய்வு இதைவிடக் குறைவாக இருந்தால்தான் ஹோல்டர் தானாக விடும். எண்ணெய் தடவிய எஃகில் உராய்வுக் குணகம் 0.1 அளவில் இருக்கும், ஆகவே விடும். காய்ந்த எஃகில் 0.15 ஆகிவிடும், துரு பிடித்தால் இன்னும் மேலே. ஆர்8 டேப்பரின் சரிவும் ஏறக்குறைய இதேதான். மோர்ஸ் டேப்பரின் சரிவு 0.026 மட்டுமே, அது எப்போதும் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

1. விசை பேரிங் வழியாகப் போகிறதா? எல்லாவற்றிலும் கனமான அளவுகோல் இது.
2. பிடித்திருப்பது எதுவோ அதை அந்த வழி தொடுகிறதா?
3. தேவையான சாமான் இங்கே கைக்கு எட்டுமா?
4. எடுத்த பிறகு டேப்பருக்கும் ஸ்பிண்டில் முகத்துக்கும் என்ன ஆகும்?
5. அடுத்த தடவையும் இதே வேலையைச் செய்ய வேண்டியிருக்குமா?

| வழி | விசை போகும் பாதை | எதற்குப் பொருந்தும் | நேரம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ட்ராபாரைத் தட்டுவது | பேரிங் வழியாக | லேசான பிடி | 2 நிமிடம் | பேரிங்கில் பள்ளம், மரை நசுங்கல் |
| தாங்கல் வைத்துத் தட்டுவது | பெரும்பகுதி டேபிளுக்கு | நடுத்தரப் பிடி | அரை மணி | தாங்கு பைப் செய்யும் வேலை |
| ஜோடி ஆப்பு | ஸ்பிண்டில் முகத்துக்கும் ஃபிளாஞ்சுக்கும் (ஹோல்டரின் விளிம்பு வளையம்) இடையே | சூட்டுப் பிடி, துரு | அரை மணி | முகத்தில் வடு |
| பிளவுத் தகட்டு இழுவை | அதே | வி பள்ளம் உள்ள ஹோல்டர் | 1 மணி | தகடு செய்ய ஒரு நாள் |
| மேல்மூடி மரைத் தள்ளல் | ஸ்பிண்டிலுக்குள்ளேயே | எல்லா டேப்பர் பிடியும் | அரை நிமிடம் | ஸ்பிண்டில் மேல்முனையில் மரை வேண்டும் |
| சூடும் ஐஸும் | விசை இல்லை | சூட்டுப் பிடி | 1 மணி | கிரீஸ் கெடுதல், ஈரம் |
| எண்ணெய் ஊறல் | விசை இல்லை | துரு மட்டும் | ஓர் இரவு | காத்திருப்பு |
| ஸ்பிண்டிலைக் கழற்றுவது | பிரஸ்ஸில் | மற்றதெல்லாம் தோற்றால் | பல நாள் | சீசன் வேலை போகும் |

## ட்ராபாரைத் தட்டுவது

இதை அடியோடு வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆர்8 கோலட் (கட்டரைக் கவ்வும் பிளவுக் குழல்) மெஷின்களில் தினசரி ஒரு தட்டு தட்டித்தான் கோலட்டை எடுக்கிறார்கள். அந்த மெஷின்கள் அப்படிப் பயன்படவே வடிவமைக்கப்பட்டவை. முறை தெரிந்து தட்டினால் போதும்.

மெயின் சுவிட்சை அணையுங்கள். கட்டர்மேல் தடித்த சாக்கைச் சுற்றுங்கள், டேபிள்மேல் பலகை போடுங்கள். குவில்லை (ஸ்பிண்டிலோடு ஏறி இறங்கும் குழல்) முழுக்க மேலே தூக்கிப் பூட்டுங்கள். ட்ராபாரை ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். நாலைந்து சுற்று தளர்த்திவிட்டுத் தட்டினால் ஓரிரு மரைகளே அடியைத் தாங்கும், அவை நசுங்கும். முழுக்கக் கழற்றிவிட்டுத் தட்டினால் ஹோல்டர் கட்டரோடு கீழே விழும்.

அரைக் கிலோ அளவுள்ள பித்தளை அல்லது செம்புச் சுத்தியலால் ஒரு வெட்டுத் தட்டு. அது போதாவிட்டால் இன்னொன்று. மூன்றுக்கு மேல் வேண்டாம். பெரிய சம்மட்டி எடுத்து மெதுவாகப் பலமுறை அடிப்பதுதான் மிகக் கெடுதல். ஹோல்டர் அசையாதவரை ஒவ்வோர் அடியும் ட்ராபாரிலிருந்து ஹோல்டருக்கும், அங்கிருந்து டேப்பர் வழியாக ஸ்பிண்டிலுக்கும், கடைசியில் பேரிங் குண்டுகளுக்கும் போகிறது. குண்டு நிற்கும் இடத்தில் ஓடுபாதையில் நுண்ணிய பள்ளம் விழும். ஸ்பிண்டில் சுற்றாமல் நிற்பதால் எல்லா அடியும் அதே இடத்தில் விழுகிறது. ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது படிப்படியாகத் தட்டுப்பட்டால், அதிவேகத்தில் ஊளைச் சத்தம் கேட்டால், மில்லிங் செய்த முகத்தில் சீரான வரிகள் விழுந்தால், பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள்.

செலவே இல்லாத வழி போலத் தோன்றும் இதுதான் நீண்ட நாளில் மிக விலை கூடிய வழி. ஸ்பிண்டில் பேரிங்குகளை ஒற்றையாக மாற்ற முடியாது. ஜோடி பொருத்தி வரும் ஆங்குலர் காண்டாக்ட் பேரிங்குகள் அவை. மாற்றி, சரியான இறுக்கம் வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

எப்போது சரி: ஆர்8 கோலட், நேற்று மாட்டிய ஹோல்டர், மூன்று தட்டுக்குள் விடும் பிடி.

## தாங்கல் வைத்துத் தட்டுவது

அதே தட்டுதான், ஆனால் அடி போய்ச் சேரும் இடம் மாறுகிறது. ஸ்பிண்டில் முகத்துக்குக் கீழே டேபிளிலிருந்து தாங்கல் கொடுத்துவிட்டால் அதிர்ச்சியின் பெரும்பகுதி பேரிங்குக்குப் போகாமல் டேபிளுக்கு இறங்கும்.

ஐ.எஸ்.ஓ. 40 ஸ்பிண்டில் முகத்தின் விட்டம் 88.9 மி.மீ., ஹோல்டர் ஃபிளாஞ்ச் 63 மி.மீ. நடுவில் 13 மி.மீ. அகல வளையம் மிஞ்சுகிறது. உள்விட்டம் 68, வெளிவிட்டம் 88 மி.மீ. வரும் கனத்த பைப்பை, ஹோல்டர் உள்ளே தொங்கும் நீளத்துக்கு வெட்டி, இரு முகமும் லேத்தில் சமமாக்குங்கள். மேல் முனையில் எதிரெதிராக 18 மி.மீ. அகலக் காடி இரண்டு வேண்டும். டிரைவ் கீ (ஹோல்டரைச் சுழற்ற ஸ்பிண்டில் முகத்தில் நிற்கும் கட்டை) இரண்டும் அதற்குள் புகும். இல்லையென்றால் பைப் கீயின்மேல் உட்கார்ந்து கீயின் திருகை முறித்துவிடும்.

பைப்புக்கு அடியில் அலுமினியத் தகடு வைத்து, முகம் தொடும்வரை நீ-யை (knee, டேபிளைத் தாங்கி ஏறி இறங்கும் பகுதி) உயர்த்துங்கள். தொட்டதும் நிறுத்திப் பூட்டுங்கள். இன்னும் ஏற்றினால் குவில் பூட்டோடு மல்லுக்கு நிற்கும். ஃபேஸ்மில் போன்ற அகலக் கட்டர் இருந்தால் பைப் நுழையாது. ஹோல்டரிலிருந்து கட்டரை முதலில் கழற்ற வேண்டும். ஆர்8-ல் ஹோல்டரின் உடல் ஸ்பிண்டில் மூக்கைவிடப் பெரிதாக இருந்தாலும் இதே தடை.

எப்போது சரி: மூன்று தட்டில் விடாத பிடி, மேல்மூடி பொருத்த வசதியில்லாத மெஷின்.

## ஜோடி ஆப்பு

ஸ்பிண்டில் முகத்துக்கும் ஃபிளாஞ்சுக்கும் இடையே 2 மி.மீ. அளவில் இடுக்கு இருக்கும். அதில் இரண்டு மெல்லிய ஆப்புகளைப் புகுத்திப் பிரிப்பது இந்த வழி. விசை முகத்திலிருந்து ஃபிளாஞ்சுக்குப் போய் அங்கேயே சமனாகிவிடுவதால் பேரிங்குக்கு வேலையில்லை.

ஆப்பு 100 மி.மீ. நீளம், நுனி 1.5 மி.மீ. கனம், சரிவு 1-க்கு 20. அப்படியென்றால் 20 மி.மீ. உள்ளே போனால் இடுக்கு 1 மி.மீ. விரியும். கீ ஸ்டீலில் செய்து, ஸ்பிண்டில் முகம் தொடும் பக்கத்தை நைசாகத் தேய்த்துவிடுங்கள். டிரைவ் கீயிலிருந்து 90 டிகிரி தள்ளி, ஹோல்டரின் அச்சுக்கு இருபுறமும் ஆளுக்கொன்று வர வேண்டும், இரண்டின் நுனியும் எதிரெதிர்த் திசையில். ஒற்றை ஆப்பு ஹோல்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து டேப்பரில் இன்னும் இறுக்கும்.

பலர் தவறுவது அடுத்த படியில்தான். ஆப்பைச் சுத்தியலால் தட்டினால் அந்த அடி பக்கவாட்டில் பேரிங்கைத் தாக்கும். தட்ட வேண்டாம். ஒரு ஆப்பின் தடித்த முனையையும் எதிர் ஆப்பின் தடித்த முனையையும் குறுக்குப் பட்டை வைத்துப் பெரிய சி-கிளாம்பால் நெருக்குங்கள். கிளாம்பை மெதுவாக இறுக்கினால் இரண்டும் ஒரே அளவில் உள்ளே போகும். இறுக்கம் ஏறி நின்றதும் ஃபிளாஞ்சின்மேல் நைலான் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு கொடுத்தால் 'டக்' என்று விடும். ட்ராபார் ஒரு சுற்று தளர்ந்த நிலையில் மரையில் இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

இடுக்கே இல்லாமல் முகமும் ஃபிளாஞ்சும் ஒட்டி உட்காரும் வகை ஹோல்டர்களும் உண்டு. அங்கே ஆப்பு வைக்க முயன்றால் ஓரம்தான் உடையும்.

எப்போது சரி: ஐ.எஸ்.ஓ. 40 கைமெஷினில், அவசரத்தில், புதிதாக எதையும் பொருத்த நேரமில்லாதபோது. ஆப்பு ஜோடியை இப்போதே செய்து பெட்டியில் போட்டு வைப்பது நல்லது.

## மேல்மூடி மரைத் தள்ளல்

கைமெஷினுக்கு எங்கள் தேர்வு இதுதான். ட்ராபாரில் ஒரு காலர் இருக்கும், அது ஸ்பிண்டிலின் மேல்முனையில் உட்காரும். இறுக்கும்போது காலர் கீழே அழுத்தும், ஹோல்டர் மேலே ஏறும். அந்தக் காலருக்கு மேலே ஒரு மூடி போட்டு, மூடியை ஸ்பிண்டில் மேல்முனையில் மரையேற்றிவிட்டால், தளர்த்தும்போது காலர் மேலே போக முடியாமல் மூடியில் முட்டும். தொடர்ந்து சுற்றினால் ஹோல்டர் கீழே போயே ஆக வேண்டும். முழு விசையும் மூடி, ஸ்பிண்டில், டேப்பர், ட்ராபார் என்ற வட்டத்துக்குள் சுற்றி முடிகிறது.

விசை எவ்வளவு? 25 செ.மீ. ஸ்பேனரில் 20 கிலோ கை விசை கொடுத்தால், எண்ணெய் விட்ட எம்16 மரையில் கணக்குப்படி ஒன்றரை டன் அளவு வரும். சுத்தியல் கண்ணிமைப்பில் தருவதை இது அமைதியாக நின்று தரும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை: மூடியின் துளை ட்ராபார் தண்டைவிட அரை மி.மீ. பெரிது, காலரைவிட நன்றாகச் சிறிது. மூடி முழுக்க இறுகியபின் காலருக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ட்ராபார் சுற்றாது. காலருக்கும் மூடிக்கும் நடுவே வெண்கல வாஷர் ஒன்று. மூடியின் மரை ஸ்பிண்டில் சுழற்சியில் கழலாமல் பூட்டுத் திருகு வேண்டும். படகுக்கு கன்மெட்டல் புஷ் கடையும் எந்த டர்னரும் இதைச் செய்துவிடுவார்.

ஸ்பிண்டில் மேல்முனையில் வெளிமரை இருந்து, கைக்கு எட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆர்8 டரெட் மெஷின்களில் ஸ்பிண்டில் மேல்முனை தலைக்குள்ளேயே ஏறி இறங்குவதால் இது நடக்காது. தள்ளிய பிறகும் ஹோல்டர் மரையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு கை கீழே பிடித்தபடி மிச்சத்தைக் கழற்றுங்கள்.

ஏற்கெனவே சிக்கிக்கிடக்கும் ஹோல்டருக்கும் இது உதவும்: ட்ராபார் உள்ளே இருக்கும்போதே மூடியை மேலிருந்து போட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். ட்ராபாரின் அறுகோணத் தலை துளையைவிடப் பெரிதென்றால் மூடியை இரண்டு பாதியாகப் பிளந்து, வெளியே வளையம் போட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும்.

## சூடும் ஐஸும்

நம் கரையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. மீன் இறங்கும் ஊரிலெல்லாம் ஐஸ் கம்பெனி இருக்கும். ஹோல்டரைக் குளிரவைத்து, ஸ்பிண்டில் முகத்தைச் சுற்றி மிதமாகச் சூடேற்றினால் இரண்டுக்கும் இடையே 20 டிகிரி வித்தியாசம் கொண்டுவரலாம். 44.45 மி.மீ. விட்டத்தில் அது கிட்டத்தட்ட 10 மைக்ரான் தளர்வு. 8 மைக்ரான் சூட்டுப் பிடியை அவிழ்க்க இது போதும்.

ஐஸைப் பொடித்துப் பாலிதீன் பையில் கட்டி, ஃபிளாஞ்சையும் கோலட் நட்டையும் சுற்றி வையுங்கள், 20 முதல் 30 நிமிடம். கடைசி 10 நிமிடம் மட்டும் ஹீட் கன்னால் ஸ்பிண்டில் முகத்தின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. முகம் 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம். உள்ளே சில அங்குலத்திலேயே கிரீஸ் போட்ட பேரிங் இருக்கிறது. உடனே ஆப்பையோ ஒரு தட்டையோ கொடுங்கள். வித்தியாசம் சில நிமிடமே நிற்கும்.

கேஸ் டார்ச் எடுக்காதீர்கள். டேப்பரின் கடினமாக்கிய மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் மிருதுவாகத் தொடங்கும், கிரீஸ் அதற்கு முன்பே உருகி ஓடும். ஐஸோடு உப்புக் கலந்தால் இன்னும் குளிரும் என்பது மீன் பெட்டி கட்டுபவர் எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே செய்துவிடாதீர்கள்: பை ஒழுகினால் உப்பு நீர் நேராக டேப்பருக்குள். மீன்மேல் போட்டு அள்ளிய ஐஸும் வேண்டாம், காரணம் அதேதான்.

குளிர்ந்த ஹோல்டரில் நம் காற்று உடனே வியர்க்கும். வெளியே வந்ததும் துடைத்து எண்ணெய் தடவாமல் வைத்தால் மறுநாளே செம்புள்ளிகள் விழுந்திருக்கும்.

எப்போது சரி: நேற்று சூட்டோடு ஏற்றிய ஹோல்டர். மாதக்கணக்கில் துருப்பிடித்ததற்கு இது தனியாகப் போதாது, எண்ணெய் ஊறலுக்குப் பின் சேர்த்துச் செய்யலாம்.

## எண்ணெய் ஊறல்

ட்ராபாரை ஒரு சுற்று தளர்த்தி, அதன் ஓரமாக மேலிருந்து மெல்லிய ஊடுருவும் எண்ணெயைச் சிறிது சிறிதாக விடுங்கள். கீழே இடுக்கு வழியாகவும் அடியுங்கள். ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் ஆப்பை முயலுங்கள். மண்ணெண்ணெய் ஊடுருவும், ஆனால் ஆவியானபின் இருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். அசிட்டோன் கலவை பெயின்ட்டையும் ரப்பர் சீலையும் தின்னும். ஸ்பிண்டில் துளையில் அரை லிட்டர் ஊற்றாதீர்கள். டேப்பருக்குத் தேவை சில சொட்டு. மிச்சம் டேபிளிலோ பேரிங்கிலோதான் போய்ச் சேரும்.

## பிளவுத் தகட்டு இழுவை, ஸ்பிண்டிலைக் கழற்றுவது

வி வடிவப் பள்ளம் உள்ள பி.டி. 40 ஹோல்டரைக் கைமெஷினில் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அதற்கு, பள்ளத்தில் உட்காரும்படி இரு பாதியாகப் பிளந்த தகடு செய்து, அதில் மூன்று எம்10 திருகு போட்டு, நுனியில் பித்தளைத் துண்டு வைத்து ஸ்பிண்டில் முகத்தில் அழுத்தி இறக்கலாம். மூன்றையும் கால் சுற்றுக் கால் சுற்றாகச் சமமாக இறுக்க வேண்டும். ஆப்பைவிடச் சீரான இழுப்பு, முகத்தில் வடுவும் குறைவு.

ஸ்பிண்டிலைக் கழற்றிப் பிரஸ்ஸில் தள்ளுவது கடைசி வழி. ட்ராபார் முறிந்து உள்ளே நின்றுவிட்டால், அல்லது டேப்பர் உரசி ஒட்டிக்கொண்டுவிட்டால் வேறு வழி இல்லை. ஆனால் தடைக்காலத்தின் நடுவில் மெஷின் நின்றால் அந்த வேலையெல்லாம் அடுத்த பட்டறைக்குப் போய்விடும். கழற்றும்போது பேரிங் எந்தத் திசையில், எந்த வரிசையில் இருந்தது என்று குறி போடாமல் வெளியே எடுத்தால் திரும்பப் பொருத்துவது பெரிய தலைவலி. மதுரை, கோவையிலிருந்து ஆளை வரவழைக்கும் செலவைச் சேமிக்கப்போய் அதைவிடப் பெரிதாக இழப்பார்கள்.

## வி.எம்.சி. வைத்திருந்தால்

இங்கே ட்ராபாரை வட்டுச் ஸ்பிரிங் அடுக்கு பல நூறு கிலோ விசையில் இழுத்துப் பிடித்திருக்கும். காற்றழுத்தத்தில் ஓடும் சிலிண்டர் அதை அழுத்தி விடுவிக்கும். எனவே முதல் கேள்வி: அன்கிளாம்ப் சென்ஸார் (பிடி விட்டதைக் காட்டுவது) விளக்கு எரிகிறதா?

எரியாவிட்டால் டேப்பரைத் தொடவே வேண்டாம். சிலிண்டர் முழுத் தூரம் இறங்கவில்லை. காற்று 6 பார் இருக்கிறதா, மின்வெட்டுக்குப் பின் கம்ப்ரஸர் ஏறிவிட்டதா, காற்று வடிகட்டியில் நீர் நிற்கிறதா, பூஸ்டரின் (காற்றழுத்தத்தை எண்ணெய் அழுத்தமாகப் பெருக்கும் கருவி) எண்ணெய்க் கிண்ணத்தில் அளவு குறைந்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். எண்ணெய் குறைந்தால் இறங்கும் தூரம் குறையும். புல் ஸ்டட் (ஹோல்டரின் மேல்முனையில் மரையேற்றும் பிடிக்குமிழ்) தவறாக இருக்கலாம். 45, 60, 90 டிகிரி என்று கோணம் வேறுபட்டவை ஒரே எம்16 மரையில் வரும். எல்லாம் ஏறும், எல்லாம் இந்த மெஷினின் பிடிக்குப் பொருந்தாது.

விளக்கு எரிந்தும் ஹோல்டர் இறங்கவில்லை என்றால் அப்போதுதான் டேப்பர் பிடி. அன்கிளாம்ப் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். பல மெஷின்களில் சிலிண்டரின் விசை ஸ்பிண்டில் பேரிங்கின் மேல்தான் வந்து இறங்குகிறது. ஒருமுறை அன்கிளாம்ப் செய்து அப்படியே வைத்துக்கொண்டு, பிளவுத் தகட்டால் இழுங்கள். கீழே மரக்கட்டை வையுங்கள், கையை வைக்காதீர்கள். சிலிண்டரையோ ஸ்பிரிங் அடுக்கையோ அவிழ்ப்பது சர்வீஸ் ஆள் செய்ய வேண்டியது. அடக்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரே ஹோல்டர் மட்டும் எப்போதும் சிக்கினால் புல் ஸ்டட்டைச் சந்தேகியுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் டேப்பரின் சிறிய முனை நுண்ணியதாகப் புடைத்து, அங்கே மட்டும் கடிக்கும்.

## வெளியே வந்த பிறகு

ஹோல்டரின் டேப்பரில் நீல மை மெல்லியதாகத் தடவி, ஸ்பிண்டிலில் கையால் அழுத்தித் திருப்பாமல் எடுங்கள். மை பெரிய முனையில் நன்றாகப் பட்டால் சரி. சிறிய முனையில் மட்டும் பட்டால் புடைப்பு, நடுவில் திட்டுத் திட்டாக விடுபட்டால் துருப்பள்ளம். ஹோல்டரில் பள்ளம் என்றால் அதை ஒதுக்கிவிடுங்கள். நல்ல ஸ்பிண்டிலுக்குள் கெட்ட ஹோல்டரைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் பள்ளத்தின் விளிம்பு அங்கேயும் பதிந்துவிடும். ஸ்பிண்டில் டேப்பரை எமரித் தாள் சுற்றிய விரலால் தேய்க்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். மேடு மட்டும் போகாது, வடிவமும் போகும். செம்பழுப்புத் தூளை மெல்லிய எண்ணெய் நனைத்த, நார் உதிராத துணியால் துடைத்தால் போதும். மேடு கையில் தட்டுப்பட்டால் நைசான எண்ணெய்க் கல்லால் அந்த இடத்தை மட்டும் தொடுங்கள். டயல் கேஜில் டேப்பரின் உள்பக்கம் 0.01 மி.மீ.க்கு மேல் ஆடினால் பேரிங்கைச் சோதிக்க வேண்டும்.

மாட்டும் முன் டேப்பரில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, பிறகு உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. மிஞ்சும் மெல்லிய படலமே போதும், சொட்டச் சொட்ட வேண்டாம். சாயங்காலம் ஹோல்டரை இறக்கிவிட்டுப் போங்கள். காலியான ஸ்பிண்டிலின் வாயை நைலானில் கடைந்த மூடியால் அடையுங்கள். மரக்கட்டை வேண்டாம், அது ஈரத்தை இழுத்து டேப்பருக்கே கொடுக்கும்.